மாணிக்கவேலின் மறதியும் என் சந்தேகமும்

என் அண்ணன் மாணிக்கவேலுக்கு மறதி வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னபோது, அவன் நடிக்கிறான் என்று சொன்னவள் நான் ஒருத்திதான். மனதுக்குள் சொல்லவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவன் வீட்டு வாசலில் நின்று, பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னேன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் கூடக் கொஞ்சம் காரம் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

நான் லோகாம்பாள். வாலாஜாபாத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் கண்ணாயிரத்துக்கு ரைஸ் மில்லில் வேலை. அவர் நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். மிச்சத்தையெல்லாம் நான்தான் பேசுகிறேன். ஒரே பெண் அபிநயா, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் குடும்பத்தில் கூறைப் புடவையைக் கடையில் வாங்குகிற பழக்கம் கிடையாது. தாய்மாமன் தன் தறியில் தன் கையாலேயே நெய்து கொடுக்க வேண்டும். வேறு ஆளை உட்காரவைத்து நெய்து எடுத்து வந்தால் அது சீர் ஆகாது. அபிநயா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கிக்கொண்டு, இவள் நிறத்துக்கு அரக்குதான் எடுக்கும் என்று சொன்னவன் என் அண்ணன். மாமன் புடவை வராமல் ஒரு பெண் மணவறையில் உட்கார்ந்தால், பிறந்த வீடு அவள் அம்மாவைக் கைகழுவிவிட்டது என்று எங்கள் ஆட்கள் அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். எனக்கு இருந்த பயம் புடவையைப் பற்றி மட்டும் இல்லை. என் அண்ணன் என்னைக் கைகழுவுகிறானா என்பதுதான்.

அவனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பதிமூன்று வயதில் தறிக்குழியில் இறங்கினான். இப்போது அறுபத்து மூன்று. அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினைந்து. அம்மாவையும் என்னையும் அந்த ஒற்றைத் தறிதான் காப்பாற்றியது. அவன் பள்ளிக்கூடம் போகவில்லை, என்னைப் பத்தாவது வரைக்கும் அனுப்பினான். எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் கழித்துத்தான் தனக்குப் பெண் பார்க்கவே ஒத்துக்கொண்டான். குழந்தை இல்லை. அதைப் பற்றி ஒரு நாளும் அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அவனுடைய ஞாபகசக்தி எங்கள் தெருவில் பிரசித்தம். கோயில் வாசலில் யாரோ வெளியூர்ப் பெண் கட்டியிருக்கும் புடவையைப் பார்த்துவிட்டு, அது என் தறியில் வந்தது, முந்தியில் மூன்றாவது மயிலுக்குப் பக்கத்தில் ஒரு இழை தளர்ந்திருக்கும் என்பான். ஒருமுறை நான் வெட்கத்தை விட்டு அந்த அம்மாவிடம் கேட்டு முந்தியை விரித்துப் பார்த்தேன். இழை தளர்ந்துதான் இருந்தது. தெருவில் பிறந்த பிள்ளைகளின் நட்சத்திரம் அவர்கள் அப்பன்களுக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும். அர்ச்சனைக்குப் போகிறவர்கள் தறிக்கு மேலே எட்டிப் பார்த்து, எங்க பையன் என்ன நட்சத்திரம் மாணிக்கம் என்று கேட்டுக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவன் மறந்துபோச்சு என்று சொன்னால் யார் காதில் பூச்சுற்றுகிற வேலை அது?

ஆனி மாதம் மூன்றாம் தேதி மத்தியானம் வெற்றிலை, பாக்கு, பழத்தட்டோடு நான் அவன் வீட்டுக்குப் போனேன். ரேவதி அண்ணி வீட்டில் இல்லை. தாமலில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் தறியில் இருந்தான். கல்யாணம் முடிவான சேதியைச் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இப்போது தறியில் நீளவாட்டில் ஏற்றியிருக்கிற பாவு நூல் ஆடிப்பெருக்குக்குள் முடிந்துவிடும், அடுத்து ஏற்றுகிற பாவு அபிநயாவுக்குத்தான், அரக்கு உடம்பு, பச்சைக் கரை என்று அவனே சொன்னான். தட்டை வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். இதைவிட வாக்கு என்ன வேண்டும்?

ஆடிப்பெருக்கு முடிந்த மறு வாரம் போனேன். அண்ணி வாசல் கதவைத் திறந்தாள். தறியில் அரக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அபிநயா புடவையா என்று கேட்டேன். கடைக்காரர் நூல் கொடுத்து நெய்யச் சொன்ன கடைப் புடவை என்றான் அண்ணன். அப்படியானால் அவளுக்கு எப்போது ஏற்றப்போகிறாய் என்றேன். என்னை நிதானமாகப் பார்த்தான்.

"அபிநயாவுக்குக் கல்யாணமா? சொல்லவே இல்லியேமா நீ."

விளையாடுகிறான் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அண்ணியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, காப்பி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வை போதாதா எனக்கு?

பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டேன். தாமலில் இருக்கிற அண்ணியின் தம்பிக்கும் ஒரு பெண். அவளுக்கும் தையில்தான் கல்யாணம். அரக்குப் பாவு ஏறியிருக்கிறது, ஆனால் அது அபிநயாவுக்கு இல்லை. கடைப் புடவை என்று ஒரு பெயர். என் பெண்ணுக்குச் சொன்ன நிறம் அண்ணியின் தம்பி வீட்டுக்குப் போகப்போகிறது. கேட்டால் மறந்துபோன மாதிரி நடிக்கச் சொல்லியிருக்கிறாள். இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் தங்கை சண்டைக்கு வருவாள், மறதி என்று சொன்னால் பாவம் பார்த்துப் போய்விடுவாள். வாலாஜாபாத் வருவதற்குள் இது எனக்கு உறுதியாகிவிட்டது. மில்லிலிருந்து வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, சோறு இருக்கிறதா என்றார்.

மறுநாள் நான் போன் போட்டேன், சோதிப்பதற்காகவே. அண்ணன்தான் எடுத்தான். பழைய கதை பேச்சை இழுத்தேன். நான் சின்னவளாக இருந்தபோது கருடசேவைக் கூட்டத்தில் தொலைந்துபோனதைச் சொன்னான். எந்தக் கடை வாசலில் என்னைக் கண்டுபிடித்தான், நான் என்ன நிறப் பாவாடை போட்டிருந்தேன், ஐஸ் வண்டிக்காரன் பெயர் என்ன, எல்லாம் சொன்னான். போனை வைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஐஸ் வண்டிக்காரன் பெயர் ஞாபகம் இருக்கிறது, ஐம்பது நாளைக்கு முந்தின சொந்த மருமகள் கல்யாணம் ஞாபகம் இல்லையா?

அதற்குப் பிறகு வேவு பார்க்க ஆள் வைத்தேன். வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது, வைத்தேன். அண்ணன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஜுபைதா இருக்கிறாள். கடைகளுக்குப் புடவை முந்தியில் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறவள். அவள் மகள் லுப்னாவை வாலாஜாபாத்தில்தான் கொடுத்திருக்கிறது. வியாழக்கிழமைதோறும் மகளைப் பார்க்க வருவாள், வந்தால் என் கடையில் மாவு வாங்குவாள். அந்த வீட்டில் நடப்பதைப் பார்த்து வந்து சொல் என்றேன்.

அவள் கொண்டுவந்த சேதிகள் ஒன்றைவிட ஒன்று எனக்கு வசதியாக இருந்தன. ஒரே காலையில் அண்ணன் இரண்டு தரம் பால் வாங்கினானாம். சொந்தத் தெருமுனையில் நின்று எந்தப் பக்கம் போவது என்று யோசித்தானாம். பட்டப்பகலில் தறியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறானாம். ஆனால் நடுவில் ஒரு நாள் வழக்கம்போல எல்லோரையும் கிண்டல் பண்ணிக்கொண்டு திரிந்தானாம். பார்த்தாயா, ஒரு நாள் மறதி, ஒரு நாள் இல்லை, அப்படி ஒரு மறதி உண்டா என்று நான் ஜுபைதாவைக் கேட்டேன். கடைசியாக அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. பகலிலும் கதவைச் சாத்திவிட்டு அண்ணிதான் தறியில் உட்கார்ந்து நெய்கிறாளாம். கடைக்காரர் ஆள் வந்தால், அவருக்குக் காய்ச்சல் என்று வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறாளாம்.

கதவைச் சாத்திக்கொண்டு நெய்கிறாள் என்றால் யாருக்கு நெய்கிறாள்? தம்பி மகளுக்கு. அண்ணனை ஏன் வெளியே விடவில்லை? வெளியே விட்டால் உண்மை வந்துவிடும். இதோடு நிற்கவில்லை என் புத்தி. சாப்பாட்டில் ஏதாவது கலந்து கொடுத்து, இடுமருந்து வைத்து அவனை இப்படி ஆக்கிவிட்டாளோ என்றும் ஓடியது. நடிக்கிறான் என்றும் நினைத்தேன், மருந்து வைத்துவிட்டாள் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஜுபைதாவிடம் சாப்பாட்டைப் பற்றி ஜாடையாகக் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுமா. அவரு மொகமே சரியில்ல. நீ ஒரு தடவ வந்து நல்லாப் பாரு, அது போதும்," என்றாள் அவள்.

போனேன். ஆனால் பார்ப்பதற்காகப் போகவில்லை. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். அண்ணி தலையெல்லாம் நூல் பிசிறோடு வந்து திறந்தாள். தறியில் அரக்குப் புடவை முக்கால்வாசி வந்துவிட்டது. வாசலிலேயே நின்றுகொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். என் பெண்ணுடைய புடவையைத் திருடுகிறாய் என்றேன். என் அண்ணனுக்கு என்ன போட்டுக் கொடுத்தாய் என்றேன். அக்கம்பக்கத்தில் தறிச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

மெதுவாகப் பேசு, கடைக்காரர் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது, அவர் காதுக்குப் போய்விடும் என்று மட்டும் அண்ணி சொன்னாள். போகட்டும் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். அப்போது அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றான். ஒரு காலில் செருப்பு இருந்தது, ஒரு காலில் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னைக் கேலி பண்ணுகிற சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் சேந்து நல்லா நடிக்கிறீங்க. இனிமே எனக்கு அண்ணன் இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். மூன்றாம் நாளே கடையிலிருந்து ஆள் வந்து, இந்தப் புடவை முடிந்ததும் அடுத்த பாவு தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனதாக ஜுபைதா சொன்னாள். அந்த அரக்கு நிஜமாகவே கடைப் புடவைதான். மாணிக்கவேலுக்குக் கைவேலையில் தடுமாற்றம் என்று தெரிந்தால் கடையில் நூல் கொடுக்க மாட்டார்கள் என்பதால்தான், அவன் விட்ட இடத்திலிருந்து அண்ணி கதவைச் சாத்திக்கொண்டு நெய்திருக்கிறாள். இரண்டு மாதமாக அவள் கட்டிக் காத்ததை நான் பத்து நிமிஷத்தில் தெருவில் போட்டு உடைத்துவிட்டேன்.

இதைக் கேட்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புடவை தாமலுக்குப் போகவில்லை, சரி, ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டு மறந்த மாதிரி பேசுகிறானே, அது பொய்தானே என்று அந்த நூலை விடாமல் பிடித்துக்கொண்டேன். அபிநயா ஒரு நாள் என்னிடம் கேட்டாள். மாமா ஏன் நடிக்க வேண்டும், முடியாது என்றால் முடியாது என்று உன்னிடம் சொல்ல அவருக்கு என்ன பயம் என்றாள். பெரியவர்கள் விஷயத்தில் தலையிடாதே என்று அவள் மேல் விழுந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். அண்ணி போன் பண்ணினாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. டாக்டர் கூடப்பிறந்தவர்கள் யாராவது வந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார், நாளைக்குப் பதினோரு மணிக்கு வர முடியுமா என்றாள். வருகிறேன் என்றேன். டாக்டர் முன்னால் வைத்து இந்த நாடகத்தை உடைத்துவிட்டால் ஒரேயடியாக முடிந்துவிடும் என்பதுதான் என் எண்ணம். என்னென்ன கேட்பது என்று மாவு ஆட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன்.

டாக்டர் சத்யப்ரியா காஞ்சிபுரத்தில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறாள். அபிநயாவைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். அண்ணன் நாற்காலியில் கோணலாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். ரத்தப் பரிசோதனையில் பி12 சத்து குறைவு என்று வந்து, மூன்று வாரமாக ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அந்தச் சத்து குறைந்தாலே மறதி வரும், ஊசியில் பல பேருக்குச் சரியாகிவிடும், இவருக்குக் கொஞ்சமும் தேறவில்லை, அதனால் அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன் என்று டாக்டர் என்னிடம் சொன்னாள். எங்கள் அப்பா அம்மாவுக்கு மறதி நோய் இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தாள். தைராய்டு பார்த்தாகிவிட்டது, அது சரியாக இருக்கிறது. சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் புத்தி குழம்பும், அதுவும் இல்லை. குடிப்பாரா என்றாள். சொட்டு நாக்கில் பட்டதில்லை. தூக்க மாத்திரை ஏதாவது, யாராவது சொன்ன நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று அண்ணியைக் கேட்டாள். எனக்கு உடம்பு நிமிர்ந்தது, இதோ மாட்டிக்கொண்டாள் என்று அண்ணி முகத்தையே பார்த்தேன். போன வருஷம் நெஞ்சுவலி வந்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, அதைத் தவிர ஒன்றும் இல்லை என்று அவள் சீட்டை எடுத்து நீட்டினாள். மனசு விட்டுப்போய் யாரோடும் பேசாமல் இருந்தாரா, அப்படி இருந்தாலும் மறதி மாதிரியே தெரியும் என்றாள் டாக்டர். கடைசியாக, கீழே விழுந்தாரா, தலையில் அடிபட்டதா என்று கேட்டாள். முதல் தடவையே கேட்டேன், இன்னொரு தரம் யோசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

இல்லை என்றாள் அண்ணி. இல்லைமா என்றான் அண்ணனும்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்தேன்.

"டாக்டர், இவருக்கு மறதியே இல்ல. ஆனி மூணாம் தேதி நான் தட்டு வெச்சேன். கல்யாண சேதி சொன்னதும் தறிக்குழியிலேர்ந்து சடார்னு எழுந்தாரு, மேல இருந்த கட்டை மண்டையில டங்குனு இடிச்சுது. கண்ணு இருட்டிக்கினு வருதுன்னு அப்படியே உக்காந்துட்டாரு. நான்தான் எண்ணெ வெச்சு தேச்சுவிட்டேன். அப்பக்கூட தலையப் புடிச்சிக்கினே, அரக்குல நெய்யறேன் லோகுன்னு சொன்னாரு. அவ்ளோ வலியிலயும் சொன்ன வாக்கு எப்படி டாக்டர் மறக்கும்?"

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. எந்தப் பக்கம் இடித்தது, எவ்வளவு பலமாக இடித்தது, எத்தனை நாளாகிறது என்று அடுக்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கட்டையைப் பற்றிக் கேட்கிறாளே. அதெல்லாம் ஒரு அடியா டாக்டர், தறிக்காரனுக்குத் தலையில் கட்டை இடிக்காத மாதம் உண்டா என்றேன். ஆமாம் என்று அண்ணன் தலையாட்டினான். ஆமாம் என்றாள் அண்ணியும். அவள் நெய்த இரண்டு மாதத்தில் அவளுக்கும் நாலு தடவை இடித்திருக்கிறதாம். ஆனி மாதத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

டாக்டர் எழுந்து வந்தாள். கண்ணை மூடி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாள். அண்ணன் நீட்டினான். வலது கை நின்றது. இடது கை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. அவனுக்கு அது தெரியவே இல்லை, இரண்டும் நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தான். நடிக்கிறவன் இப்படி நடிக்க மாட்டான்.

ஸ்கேன் அடுத்த வாரம் இல்லை, இப்போதே என்றாள். ஒரு மணி நேரத்தில் படம் வந்துவிட்டது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் வலது பக்கம் முழுக்கப் பிறை மாதிரி ஏதோ படிந்திருந்தது. பழைய ரத்தம் என்றாள். வயதானவர்களுக்குச் சின்னதாக இடித்தால்கூட உள்ளே மெல்லிய குழாய் கிழிந்து கசியும், அதிலும் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் சீக்கிரம் நிற்காது, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளையை அழுத்தும், ஒரு நாள் நன்றாக இருப்பார், ஒரு நாள் குழம்புவார், பழையது ஞாபகம் இருக்கும், நேற்று நடந்தது இருக்காது என்று விளக்கினாள். நான் நடிப்பு என்று சொல்லக் காரணமாக வைத்திருந்ததையெல்லாம் அவள் நோய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் நினைவே தப்பியிருக்கலாம், ஆனால் எடுத்துவிட்டால் சரியாகிற மறதி இது, தாமதிக்காமல் சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றாள்.

அன்று சாயங்காலமே சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலையில் ஆபரேஷன். மண்டையில் இரண்டு சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடிப்பார்களாம். வெளியே பெஞ்சில் அந்த ஓரத்தில் அண்ணி, இந்த ஓரத்தில் நான். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. எனக்கு மட்டும் ஏன் அந்த அடி ஞாபகம் இருந்தது, ஞாபகம் இருந்தும் ஏன் என் வாயில் அது இரண்டரை மாதம் வரவில்லை என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் செத்திருந்தால், இனிமே எனக்கு அண்ணன் இல்ல என்றதுதான் நான் அவனிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தையாக இருந்திருக்கும். புடவையைப் பற்றி ஒரு தடவைகூட நினைப்பு வரவில்லை. வேண்டிக்கொள்ளலாம் என்றால் எந்த முகத்தோடு வேண்டுவது என்று அதுவும் முடியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அண்ணன் பழைய அண்ணனாகக் கண் விழித்தான். நர்ஸ் பெண்ணிடம் அவள் நட்சத்திரம் என்ன என்று கேட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் என்னைக் கொண்டாடினார்கள். தங்கச்சி ஞாபகமாகச் சொன்னதால்தான் மாணிக்கம் பிழைத்தான் என்று தெரு முழுக்கப் பேச்சாம். ஜுபைதா பஸ் பிடித்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, கூடப்பிறந்த பாசம் விடுமா என்றாள். அண்ணி பக்கத்தில்தான் நின்றாள். வாசலில் நான் கத்தியதைக் கேட்டவர்களே என்னைப் புகழ்ந்துவிட்டு, அண்ணியைப் பார்த்து, கூடவே இருந்தாயே, உனக்குத் தெரியவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் அவனைக் குளிப்பாட்டி, தறியிலும் உட்கார்ந்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள்.

நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அண்ணி கால்மாட்டில் இருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேவு வைத்ததைச் சொன்னேன். வாசலில் கத்தியதை, நடிக்கிறாய் என்றதை, அண்ணன் இல்லை என்றதை, கடைப் பாவு போனதைச் சொன்னேன். டாக்டரிடம் அந்த அடியைப் பற்றிச் சொன்னது உன்னைக் காப்பாற்ற இல்லை, உன்னை மாட்டிவைக்கத்தான் சொன்னேன் என்றும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அண்ணன் கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தான்.

"வாசல்ல நீ கத்துனது நல்லா ஞாபகம் இருக்குது லோகு. வீட்டுல, தெருவுல எல்லாரும் என்னக் கொழந்த மாதிரி பேச ஆரம்பிச்சுட்டாங்க. பாவம், பாவம்னாங்க. எனக்கே புத்தி போச்சுன்னு நான் நம்பிட்டேன்பா. நீ ஒருத்திதான் வந்து சண்ட போட்ட. சண்ட போட்டா எதிர்ல முழு ஆளு நிக்கிறான்னு அர்த்தம் இல்ல? அதான் சிரிச்சேன்."

அது நம்பிக்கை இல்லை அண்ணா, சந்தேகம் என்றேன். எதுவாக இருந்தால் என்ன, எனக்கு அது போதுமாக இருந்தது என்று சொல்லிவிட்டுத் திரும்ப டம்ளரை எடுத்துக்கொண்டான். மூன்று மாதம் தறியில் இறங்கக்கூடாதாம், தைக்குள் முடியாது போலிருக்கிறது, அபிநயா கோபித்துக்கொள்வாளா என்று கேட்டான். அவளுக்கு நீ முன்னால் வந்து உட்கார்ந்தால் போதும் என்றேன். மனசாரச் சொன்னேன்.

அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் அண்ணி பக்கம் திரும்பினேன். என்னை மன்னிச்சுடு அண்ணி என்றேன். அவள் டம்ளரை எடுத்துக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"உங்கண்ணன் மன்னிச்சுட்டாரு. அவருக்கு அந்த ரெண்டு மாசத்துல பாதி ஞாபகம் இல்ல. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது லோகு."

சரி என்றேன். அவள் பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்துகொண்டேன். அவள் நகரவில்லை.